பெருஞ்சுவரில் விட்டுப்போன இடம்

முந்தின நாள் சாயங்காலம் வைத்துவிட்டுப் போன நாற்பத்து மூன்று புள்ளிகள் காலையில் சுவரில் இல்லை.

சீனி முகம்மது பூட்டைத் திறந்து, செருப்பை வாசலில் விட்டு, மண்டபத்தின் நான்கு டியூப் லைட்டுகளையும் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஓட்டுக்கூரையில் மழை இறங்கும் சத்தம், மூடிக் கிடந்த ஜன்னல்களுக்குள் இரவெல்லாம் ஊறிப்போன டர்பன்டைன் நெடி, கடைசி லைட் எரியமாட்டாமல் முனகுவது, எல்லாம் நேற்றுப்போலவே இருந்தன. இருபத்தாறு அடி நீளமும் பதினோரு அடி உயரமுமான கறுப்புச் சுவரில் கடுகு கடுகாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நடுவில், கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, ஒரு தொழுகைப் பாய் அளவுக்கு மட்டும் மொட்டைக் கறுப்பு.

"நேத்து அடைச்சேனே!" என்றார், ஆளில்லாத மண்டபத்தில் உரக்க.

முப்பத்தெட்டு வருஷமாகச் சுவர் அடிப்பவர். பதினான்கு வயதில் பிரஷ்ஷைப் பிடித்தபோது அவருடைய முதல் கன்ட்ராக்டர், விட்டுப்போன இடத்தை மூங்கில் குச்சியால் சுட்டிக்காட்டிவிட்டு அதே குச்சியால் முதுகில் ஒன்று வைப்பார். அவர் செத்துப் பல வருஷம் ஆகியும் முதுகு அந்தக் குச்சியை மறக்கவில்லை. சுவரில் மொட்டையாக ஓர் இடம் இருந்தால் சீனி முகம்மதுக்குச் சோறு இறங்காது.

கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பழைய வாசகசாலையைப் பிள்ளைகளுக்கான அறிவியல் மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் கனகசுந்தரம் மாஸ்டர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம்தான் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்களாம், வானத்தில் ஒரு பெருஞ்சுவர். நட்சத்திரங்களால் ஆனதுகூட இல்லை. கோடிக்கோடி நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு மண்டலம். அப்படிப்பட்ட மண்டலங்கள் ஆயிரம் ஆயிரமாக ஒட்டி நிற்கிற சுவர். நீளம் மட்டும் ஐம்பது கோடி ஒளியாண்டு. மாஸ்டர் ஒரு சஞ்சிகையிலிருந்து அதன் படத்தைக் கட்டம் போட்ட பெரிய தாளில் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். சீனி முகம்மது சுவரிலும் அதே கட்டங்களைச் சாக்கட்டி தடவிய நூலால் தட்டி, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சியின் நுனியில் வெள்ளை எனாமலைத் தொட்டு ஒவ்வொன்றாக வைத்து வந்தார். காய்ந்ததும் ஒவ்வொரு புள்ளியும் கடுகு போல் புடைத்து நிற்கும்.

தாளில் நடுவே ஓர் இடம் வெறுமையாக இருந்தது உண்மைதான். அதை அப்படியே விடச் சொன்னதும் உண்மை. ஆனால் திங்கள்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தபோது அது வானமாகத் தெரியவில்லை. சோம்பேறி ஒருவன் விட்டுப்போன இடமாகத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் தாளையா பார்க்கப்போகிறார்கள்? ஏணியில் ஏறி, தன் இஷ்டத்துக்கு, நாற்பத்து மூன்று புள்ளிகளை எண்ணி வைத்து அடைத்துவிட்டுத்தான் போனார்.

இந்த வேலை கெட்டுப்போகக் கூடாது. வெள்ளிக்கிழமை சுவர் சரியாக இருந்தால் மண்டபத்தைக் காவல் காக்கும் ஜாகா வேலை அவருக்கு. ஜாகாவுக்குப் பின்கட்டில் ஓர் அறை உண்டு. அறை இருந்தால் மகள் ரொஸ்னா வருவாள். மனைவி ஹபீபா பீவி மௌத்தானதிலிருந்து இரண்டு வருஷமாகப் பிள்ளை நிபோங் திபாலில் சின்னம்மா நூர்ஜான் வீட்டில் இருக்கிறாள். நூர்ஜானின் புருஷனுக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்துவிட்டது. கன்ட்ராக்டரின் பெயிண்ட் ஸ்டோரில் டின்களுக்கு நடுவே படுத்துக்கொள்கிறவர் எப்படிப் பிள்ளையைக் கேட்பது?

பத்து மணிக்கு மாஸ்டர் குடையை உதறிக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், நீங்க சொரண்டினீங்களா?"

"எதை?"

"நடுவுல. நான் கொஞ்சம் வச்சிருந்தேன்."

மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "அதுக்குள்ள வைக்கச் சொன்னது ஆர்? அது வெற்றிடம் காணும். கோடிக்கணக்கான ஒளியாண்டு அகலத்துக்கு ஒண்டுமே இல்லாத இடம்."

"செவுருன்னு சொன்னீங்க. செவுத்துல ஓட்டை இருக்கலாமா?"

"ஓட்டைகளைச் சுத்தித்தான் சுவரே நிக்குது."

"காலின்னு எப்படித் தெரியும் மாஸ்டர்?"

"அங்க இருந்து வெளிச்சம் வரேல்லை. வெளிச்சம் வராத இடம் காலி."

"எதாச்சும் முன்னால நின்னு மறைச்சா?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அவ்வளவு பெரிய இடத்தை மறைக்க ஆர் வந்து நிக்கிறது? உம்மட மாமனாரோ?" பிறகு, வகுப்பில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இஞ்ச பாரும் பாய், இந்தப் புள்ளியில இருந்து வெளிச்சம் புறப்பட்டு முப்பது கோடி வருஷம். இண்டைக்குத்தான் எங்களிட்ட வந்து சேருது. அங்க இப்ப என்ன நடக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வரமுந்தி நாங்கள் ஒருத்தரும் இல்லை. விளங்குதோ? உம்மட மூளையைப் பாவிக்காதையும். தாளைப் பார்த்து வையும்."

சுரண்டினது யார் என்று மட்டும் தெரியவில்லை. மறுபடி வைக்கவும் சீனி முகம்மதுக்கு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது மூலையைப் போய் முடித்தார்.

புதன்கிழமை காலையில் தொழுகைப் பாய் அளவு, கட்டில் அளவாகியிருந்தது.

இந்தத் தடவை காணாமல் போனவை அவர் இஷ்டத்துக்கு வைத்தவை அல்ல. தாளில் உள்ளவை. கட்டம் கட்டமாக எண்ணினார். அறுபத்தெட்டு. ஏணியைத் தூக்கி வைத்து, காலை முழுக்கக் கழுத்து வலிக்க வலிக்க அறுபத்தெட்டையும் திரும்ப வைத்தார். எனாமல் பளபளவென்று ஒட்டியது. இறங்கிக் குச்சியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஓரத்திலிருந்து ஒன்று போயிற்று. அப்புறம் ஒன்று. அணைகிற மாதிரி இல்லை. திரையை இழுக்கிற மாதிரி.

"ஏய்!" என்றார், பூனையை விரட்டுகிறவர் போல.

மாஸ்டர் வந்தார். பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "என்ன இது? இதுல அறுபது எழுபது வரவேணும். நாளைக்கு மறுநாள் விழா!"

"வச்சேன் மாஸ்டர். புள்ள மேல சத்தியமா வச்சேன்."

"வைச்சது எங்க, பறந்துட்டுதோ?"

சீனி முகம்மது கோபத்தில் உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தினார். அப்போதுதான் தெரிந்தது. கைக்குக் கீழே புள்ளிகள் இருந்தன. கடுகு கடுகாக, காய்ந்தவை காய்ந்தபடி, ஈரமானவை பிசுக்கென்று. மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தார்.

மாஸ்டர் விரலால் தடவினார். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இருக்குது. நிறம் தெரியேல்லை. மலிவு பெயிண்ட். கறுப்பு ஊறி மேல வந்துட்டுது."

"நல்ல பெயிண்ட் மாஸ்டர். புது டின்."

"எனக்குப் பெயிண்ட் படிப்பிக்க வேண்டாம் லா. இதைச் சரி பண்ண ஏலாட்டி, ஜாகா வேலைக்குப் பாலிக் புலாவில ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறான், தெரியுமோ?"

போய்விட்டார். போகும்போது, வழக்கமாகச் சுவரோரமாக நடக்கிறவர், அன்றைக்கு எதிர்ப்பக்க ஜன்னலை ஒட்டி நடந்துபோனதை சீனி முகம்மது கவனித்தார்.

எதிரே இருந்த அப்துல் அஜீஸின் தேத்தண்ணிக் கடைக்குப் போய் உட்கார்ந்தார். "என்ன நானா, வானத்துக்கே பெயிண்ட் அடிக்கிறீங்களாம்," என்று கண்ணாடிக் கோப்பையைத் தட்டென்று வைத்தான் அஜீஸ். "நட்சத்திரத்துக்கு ரெண்டு கோட்டா, மூணு கோட்டா?"

"வாய மூடிக்கிட்டுத் தேத்தண்ணிய ஆத்து."

"கோவத்தப் பாரு. போன் வந்திருக்கு ஒங்களுக்கு. நிபோங் திபால்லருந்து."

நூர்ஜான் எப்போதும்போல் மூச்சு விடாமல் பேசினாள். "மச்சான், வெள்ளிக்கெழம காலம்பர புள்ளையக் கொண்டாரேன். சாவி கைக்கு வந்துட்டா?"

"வந்துரும்."

"வந்துருமா, வந்துட்டா? சனிக்கெழம எங்க சாமான ஏத்த லோரி வருது. சாவி இல்லேன்னா புள்ளையும் எங்களோட ஜொகூருக்குத்தான். பெயிண்ட் டின்னுல வச்சா வளப்பீங்க?"

அப்புறம் ரொஸ்னாவின் குரல். "அத்தா, வீட்டுல ஜன்னல் இருக்கா?"

"இருக்கு லா."

"என்னா தெரியும்?"

"சாஞ்சு பாத்தா கப்பல் தெரியும்."

"பாடப்புத்தகம் எடுத்துட்டு வரேன். நீங்க பாதியில விட்டுட்டீங்க."

நாற்பத்தேழு வயதுவரை சீனி முகம்மதுக்கு எழுத்துத் தெரியாது. முதலாம் வகுப்பில் இருந்தபோது ரொஸ்னாதான், தன் புத்தகத்தை அவர் மடியில் வைத்து, அவருடைய தடித்த விரலைப் பிடித்து வரிக்குக் கீழே நகர்த்தி, எழுத்துக் காட்டிக்கொடுத்தாள். ரிசீவரை வைத்துவிட்டு அந்த விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளை எனாமல் ஒட்டியிருந்தது.

வியாழக்கிழமை மழை விடவில்லை. மதியத்துக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர் விழாவுக்கு நாற்காலி வாங்கப் போயிருந்தார். மண்டபத்தில் சீனி முகம்மது ஒற்றை ஆள். சுவரின் நடுப்பாதி இப்போது இல்லை. லோரி நிறுத்துகிற அகலத்துக்குக் கறுப்பு, அதன் விளிம்பில் மிச்சப் புள்ளிகள் கூட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்கிறவர்கள் போல் நின்றன. மூன்றாவது தடவையாக வைத்த புள்ளிகளும் போய்விட்டன. புது டின்னும் பாதியாகிவிட்டது. அவருக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. மூன்று நாள் வேலையை ஒருத்தன் பின்னாலேயே வந்து துடைத்துக்கொண்டு போனால் எந்த மனிதனுக்கும் வரும் எரிச்சல்.

வேலை லைட்டை எடுத்துவந்தார். கூண்டு போட்ட குண்டு பல்பு, நீள வயர். நிறம் மங்கியிருக்கிறதா, கறுப்பு ஊறியிருக்கிறதா, பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது என்று ஏணியில் நான்கு படி ஏறி, பல்பைச் சுவரை நோக்கி நீட்டினார்.

பல்பு அணைந்தது.

கையை இழுத்தார். எரிந்தது.

நீட்டினார். இல்லை. பல்பு மட்டுமில்லை, கூண்டும் இல்லை. கூண்டைப் பிடித்திருந்த விரல்களும் இல்லை. மணிக்கட்டு வரைக்கும் தன் கையைப் பார்த்தார், அதற்கு மேல் கறுப்பு. ஆனால் பல்பின் சூடு விரலில் சுட்டது. எரிந்துகொண்டுதான் இருந்தது, அங்கே, உள்ளே.

மழைச் சத்தம் எப்போது நின்றது?

சுவர் அவர் கைக்கு எட்டவில்லை. இன்னும் ஒரு முழம் இருந்தது. அப்படியானால் கறுப்பு சுவரில் இல்லை.

சுவருக்கும் அவருக்கும் நடுவில்.

மாஸ்டரிடம் கேட்ட கேள்வி திரும்பி வந்தது. அது காலி இடம் இல்லை. காலியாக ஒருநாளும் இருந்ததில்லை. பின்னால் ஒரு வெளிச்சமும் வைக்காதவரைக்கும், முன்னால் ஒன்று நிற்பது யாருக்குத் தெரியும்? அவர்தான் வைத்தார். நாற்பத்து மூன்று. முதுகில் அடி விழக் கூடாது என்று, கேட்காமலே, அடைத்தார்.

அப்புறம் ஏன் பெரிசாகிறது?

சாரத்தில் முப்பது வருஷம் நின்றவருக்கு அது தெரியாதா? தெருமுனையில் நிற்கிறவன் கட்டைவிரல் அளவு. கிட்ட வர வர ஆள் அளவு. மூக்குக்கு நேரே வந்தால், சுவரே தெரியாது.

இறங்கினார். ஒரு படி. இரண்டு. கறுப்பு அதே நிதானத்தில் அகன்றது. இடப்பக்கப் புள்ளிகள் போயின. வலப்பக்கம் போயின. டியூப் லைட் ஒன்று. அடுத்தது. சத்தம் இல்லை. வாசனையும் இல்லை, மூன்று நாளாகத் தொண்டையில் இருந்த டர்பன்டைன்கூட இல்லை. முகத்துக்கு நேரே குளிர். யா அல்லாஹ் என்று வாயைத் திறந்தார். தன் குரல் தன் காதுக்கு வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது சுவர் முழுசாக இருந்தது.

முனைக்கு முனை. ஒரு புள்ளி குறையாமல். ஐம்பது கோடி ஒளியாண்டுச் சுவர் வெள்ளை வெளேரென்று, அவர் மூன்று தடவை வைத்த புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து, ஈரம் மின்ன நின்றது. மழை கூரையில் கொட்டியது. பல்பு கையில் எரிந்தது. சீனி முகம்மது ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. போய்விட்டது. எங்கே போனால் என்ன? சுவரை விட்டுத் தொலைந்தது. தாளில் இல்லாத அந்த நாற்பத்து மூன்றையும் அவசர அவசரமாகக் கறுப்பால் மூடினார்.

அது எந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்று அப்போது அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாக நடந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள். மாஸ்டர் வெற்றிடத்தைக் குச்சியால் சுட்டிக்காட்டி விளக்கினார். அந்தக் குச்சியைப் பார்த்தபோது சீனி முகம்மதுக்கு முதுகு கூசியது, அவ்வளவுதான். நூர்ஜான் பின்கட்டு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு மாதிரிப் பரவால்ல," என்று சொல்லி, ரொஸ்னாவின் பெட்டியை வைத்து, ஜும்ஆ முடிந்து பெர்ரி ஏறிப் போனாள். சாவி அவர் இடுப்பில் இருந்தது. ரொஸ்னா ஜன்னலில் சாய்ந்து கப்பல் தேடினாள்.

"தெரியலையே அத்தா."

"இன்னும் கொஞ்சம் சாயி."

"நல்லா சாஞ்சுட்டேன். கட்டடம்தான் தெரியுது. பொய்யி."

சாயங்காலம் அடுப்பில் சோறு வைத்துவிட்டு அவர் கட்டிலில் சாய்ந்தார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் உடம்பு ஒரு சொந்த இடத்தில் சாய்கிறது. ரொஸ்னா மேசையில் அந்தப் பழைய முதலாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து, "வாங்க, பாதியில விட்டதப் படிங்க," என்றாள்.

"கை கால் அசத்துது புள்ள. நீ படி. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"மழை பெய்தது," என்று அவள் படித்தாள், வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டு. "குளம் நிறைந்தது."

எதிர்ச்சுவரில் காலண்டரின் நடுவில் தேதி தெரியவில்லை.

சீனி முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தேதி மட்டுமில்லை. காலண்டரே இல்லை. ஆணிக்குக் கீழே ஒரு பாய் அளவுக்கு இல்லை. நேற்று அவரைத் தாண்டி முதுகுக்குப் பின்னால் போனது இங்கே வந்து நிற்கிறது. அவர் கூடவே வந்திருக்கிறது. எழுந்திருப்பதற்குள் மேசையின் அந்த ஓரம் போயிற்று, விளக்கு போயிற்று, விரித்த புத்தகமும் அதன்மேல் இருந்த சின்ன விரலும் போயின.

"தவளை கத்தியது," என்றது ரொஸ்னாவின் குரல், கறுப்புக்குள்ளிருந்து, ஒன்றும் நடக்காதது போல.

பாய்ந்து கையை நீட்டினார். முழங்கை வரை மறைந்தது. விரலில் சடை தட்டுப்பட்டது. வெதுவெதுப்பான, எண்ணெய் தடவிய சடை, நுனியில் ரிப்பன். பிடித்துக்கொண்டார். இருக்கிறாள். கையில் இருக்கிறாள். இழுத்தார். வரவில்லை. சுவரில் புள்ளி எப்படி வராதோ அப்படி.

"ரொஸ்னா!"

மூன்று மூச்சு விட்டார். நான்கு.

"ஆ, அத்தா?"

பக்கத்தில் இருக்கிறவளின் குரல்தான். ஆனால் வந்துசேர நேரம் எடுத்திருந்தது.

"எந்திரிச்சு வா. என் கையப் புடிச்சுக்கிட்டு வா."

மண்டபத்துக்கு அப்பால் மஃரிப் பாங்கு தொடங்கியது. அடுப்பில் சோறு கொதித்துப் பொங்கியது. பாங்கு முடிந்தது.

"கையா?" என்றது குரல். "எங்க அத்தா இருக்கீங்க?"

"இங்கதான். இங்கதான் புள்ள. சடையப் புடிச்சிருக்கேன், தெரியலையா?"

சோறு அடிப்பிடித்தது. தெருவில் கடைகளின் பலகை ஒவ்வொன்றாக விழுந்தது. தோள்வரை கறுப்பு ஏறியிருந்தது. அவர் முகத்தை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். இஷா பாங்கு வந்தது. அதுவும் போயிற்று. பதில் இன்னும் வரவில்லை. வந்துகொண்டிருக்கும். வழியில் இருக்கும்.

கைக்குள் சடை வெதுவெதுப்பாகவே இருந்தது. அவர் விடவில்லை.